கிரேக்கப் பானைகளை ஊர் ஊராகப் பார்க்கக் கிளம்புகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய பானைகளைப் பார்ப்பதற்கென்றே கிரேக்கத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் பயண ஏற்பாட்டாளர்கள் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர்களிடம் இருப்பது அக்ரோபோலிஸ், சாண்டோரினி, கடற்கரை, அவ்வளவுதான். பானைக்காகப் போகிறவர்களுக்குத் தமிழில் குறிப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை. எதை முதலில் படிப்பது, எந்த ஊர், எந்த மாதம், என்னென்ன காகிதம், எங்கெங்கே காசு போகும் என்று ஒவ்வொன்றாக அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நீங்களாவது அலையாமல் போய் வாருங்கள். வரலாற்றுப் பாடம் கிடையாது. கீழே வரும் பழைய ஆண்டுகள் எல்லாம் கி.மு.

முதலிலேயே ஒன்று. பானையில் என்ன படம் வரைந்திருக்கிறது என்பதிலேயே கண் போகும், போகத்தான் செய்யும். ஆனால் அது என்ன மண், எங்கே செய்தது, எங்கே கிடைத்தது என்ற மூன்றையும் பார்க்கப் பழகினால்தான் இந்தப் பயணத்துக்குச் செலவழிக்கிற காசு செரிக்கும். யார் யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார்கள் என்ற கதை முழுவதும் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

1. டிக்கெட்டுக்கு முன்னால், வீட்டிலேயே, காசில்லாமல்

கையில் இரண்டு மூன்று மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள பீஸ்லி ஆவணக் காப்பகத்தின் பானைத் தரவுத்தளம் இணையத்தில் இலவசம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. 1922இல் தொடங்கிய கார்பஸ் வாசோரம் ஆன்டிகோரம் என்ற அருங்காட்சியகப் பட்டியல் வரிசையில் பழைய தொகுதிகள் பலவற்றையும் அங்கேயே புரட்டலாம். பதிவுகளில் பானையைச் செய்த பகுதியும், தெரிந்திருந்தால் அது கிடைத்த இடமும் தனித்தனியாக இருக்கும். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு இந்த இரண்டையும் எழுதிக்கொண்டே வாருங்கள். வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு சீக்கிரம் கண்ணைத் திறக்காது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பீஸ்லி தரவுத்தளத்தில் பெரும்பகுதி ஏதென்ஸ் பானைகள். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கிரேக்கத்தில் ஏதென்ஸ்காரர்கள் மட்டும்தான் சக்கரம் சுற்றினார்கள் என்று தோன்றிவிடும். அதை ஈடுகட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நவுக்ராடிஸ் இணையப் பட்டியலைப் பாருங்கள். எகிப்தில் நைல் கழிமுகத்தில் இருந்த கிரேக்க வணிக ஊர் அது. கியோஸ், மிலேட்டஸ், சாமோஸ், கொரிந்து, ஏதென்ஸ் என்று பல ஊர்ச் சரக்கும் ஒரே இடத்தில் வந்து குவிந்திருக்கும்.

கிரேக்க எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள். மொழி வேண்டாம், எழுத்து மட்டும் போதும். சின்ன ஊர்ப் பேருந்துப் பலகையும், அருங்காட்சியக அட்டையில் உள்ள ஊர்ப் பெயரும் பிடிபடும். கூடவே பாத்திரப் பெயர்கள் ஏழெட்டு: ஆம்போரா (இரண்டு கைப்பிடி ஜாடி), ஹைட்ரியா (தண்ணீர்க் குடம்), கிரேட்டர் (மதுவில் தண்ணீர் கலக்கும் பெரிய பாத்திரம்), கைலிக்ஸ் (அகன்ற கோப்பை), ஸ்கைஃபோஸ் (ஆழமான கோப்பை), லெகிதோஸ் (எண்ணெய்க் குடுவை), அரிபல்லோஸ் (சின்ன எண்ணெய்க் குப்பி), ஒய்னோகோயே (மது ஊற்றும் ஜாடி).

புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பலாம். அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போராத் துண்டுகளில் கோஸ் தீவு வகையும் உண்டு. இரண்டு குழாயை ஒட்டவைத்தது போன்ற கைப்பிடிதான் அடையாளம், ஏதென்ஸில் மறுபடி பார்க்கும்போது சட்டென்று தெரிந்துவிடும்.

2. மண்ணைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

ஏதென்ஸ், அதாவது அட்டிக்கா மண்ணில் இரும்புச்சத்து அதிகம், சுட்டால் ஆரஞ்சு கலந்த சிவப்பு வரும். அதன் மேல் மினுங்கும் கருப்பைப் பெயின்ட் என்று நினைத்துவிடாதீர்கள். அதே வகை மண்ணை நீரில் கலக்கித் தெளியவைத்து எடுத்த மிக நுண்ணிய களிப்பூச்சு அது. சூளையில் முதலில் காற்று விட்டுச் சுடுவார்கள், எல்லாம் சிவக்கும். அப்புறம் காற்றுவழியை அடைத்துப் பச்சை விறகு போடுவார்கள், எல்லாம் கருக்கும், அந்தச் சூட்டில் பூச்சு மட்டும் உருகி இறுகிவிடும். மறுபடி காற்று விட்டால் வெறும் மண் திரும்பச் சிவப்பாகும், இறுகிப்போன பூச்சுக்குள் காற்று நுழைய முடியாததால் அது கருப்பாகவே நின்றுவிடும். நம் ஊர்க் கருப்பு-சிவப்புப் பானை பார்த்துப் பழகியவர்கள் இதையும் அதையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கேயும் காற்றுதான் விளையாடுகிறது, ஆனால் உருகி இறுகும் இந்தப் பூச்சு வேலை வேறு.

கொரிந்து மண் இதற்கு நேர் எதிர். சுண்ணாம்புச்சத்துள்ள மண், வெளிர் மஞ்சள், சில சமயம் லேசான பச்சை. வரிசை வரிசையாகச் சிங்கம், ஆடு, பறவை, இடைவெளியெல்லாம் பூப்பூவாக நிரப்பியிருந்தால் பெரும்பாலும் கொரிந்து பாணி. உள்ளங்கையில் அடங்கும் வாசனை எண்ணெய்க் குப்பிகள், அந்த அரிபல்லோஸ்கள்தான், ஏழாம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் முழுக்கப் போயின.

கிழக்குப் பக்கம், அதாவது இன்றைய துருக்கிக் கரையும் அதையொட்டிய தீவுகளும், பழுப்பு மண். சிலவற்றில் அபிரகம் (மைக்கா) மினுக்கும், விளக்கு வெளிச்சத்தில் கொஞ்சம் நகர்ந்து நகர்ந்து பாருங்கள். வெள்ளைப் பூச்சின் மேல் காட்டாடுகள் வரிசையாக மேயும் பாணி மிலேட்டஸ் பக்கத்துக்கு உரியது. கியோஸ் கோப்பைகள் மெல்லியவை, பால்வெள்ளைப் பூச்சு.

ஸ்பார்ட்டா இருந்த லக்கோனியாவிலும் நல்ல கோப்பைகள் செய்தார்கள். ஸ்பார்ட்டா என்றால் ஈட்டி மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். பியோஷியா பக்கத்துச் சரக்கு பல சமயம் ஏதென்ஸ், கொரிந்து இரண்டையும் பார்த்துச் செய்தது போல இருக்கும், கருப்பும் அவ்வளவு மினுங்காது. தெற்கு இத்தாலிச் செவ்வுருவப் பானைகள் (கருப்புப் பின்னணியில் சிவப்பு உருவங்கள்) ஐந்து, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பெரியவை, ஆடம்பரமானவை, வெள்ளையும் மஞ்சளும் தாராளமாகத் தீட்டியவை. என் ரசனைக்குக் கொஞ்சம் அதிகப்படி.

இப்போது முக்கியமான எச்சரிக்கை: பாணியை மட்டும் நம்பாதீர்கள். கொரிந்து பாணியை இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் என்ற பழைய மக்கள் தங்கள் மண்ணிலேயே செய்தார்கள். அதைவிட வேடிக்கை, ஆறாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் சரக்கு சந்தையைப் பிடிக்க ஆரம்பித்ததும் கொரிந்துக் குயவர்கள் தங்கள் வெளிர் மண்ணின் மேல் செம்பூச்சு பூசி அதை ஏதென்ஸ் பானை போலவே காட்டினார்கள். படத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். எங்காவது பூச்சு உரிந்திருக்கிறதா, விளிம்பு உடைந்திருக்கிறதா என்று தேடுங்கள், உள்ளே இருக்கும் மண் உண்மையைச் சொல்லிவிடும். அதனால்தான் முழுப் பானையைவிட உடைந்த ஓட்டைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

3. செய்த இடம் ஒன்று, கிடைத்த இடம் ஒன்று

நான்கு பானைகளை மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டு போனால் போதும். மற்றவற்றைப் பார்க்கும்போது என்ன கேள்வி கேட்பது என்று இவையே சொல்லித்தரும்.

நெஸ்டர் கோப்பை: எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. செய்தது கிழக்கு ஏஜியன் பக்கம். 1954இல் கிடைத்தது இத்தாலியில், நேப்பிள்ஸுக்கு எதிரே உள்ள இஸ்கியா தீவில், ஒரு கல்லறையில். அதில் கீறியிருக்கும் மூன்று வரி கிரேக்கத்தின் யூபோயாத் தீவு எழுத்தில், வலமிருந்து இடமாக. ஒரு சின்னக் கோப்பையில் மூன்று ஊர்.

நிக்கோஸ்தெனஸ் ஆம்போரா: செய்தது ஏதென்ஸில் நிக்கோஸ்தெனஸ் என்ற குயவர், ஆறாம் நூற்றாண்டின் பிற்பாதி. வடிவம் மட்டும் ஏதென்ஸுடையது இல்லை. எட்ருஸ்கர்கள் புக்கேரோ என்ற தங்கள் கரிய பாண்டத்தில் செய்துவந்த, பட்டையான கைப்பிடி வைத்த ஜாடியை ஏதென்ஸ் பட்டறையில் பார்த்துச் செய்து அவர்களுக்கே விற்றிருக்கிறார் மனிதர். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை இத்தாலியில் எட்ருஸ்கர் ஊரான செர்வெடெரியின் கல்லறைகளிலிருந்து வந்தவை. வாங்குகிறவர் கேட்ட வடிவம் எது, குயவர் கொடுத்த வடிவம் எது என்று யோசிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஆர்கெசிலாஸ் கோப்பை: செய்தது லக்கோனியா, சுமார் 560. படத்தில் இருப்பது வட ஆப்பிரிக்காவில் உள்ள சைரீனின் அரசர், முன்னால் தராசில் சரக்கு நிறுக்கிறார்கள். கிடைத்தது இத்தாலியில் வுல்ச்சியில். இருப்பது பாரிஸ் தேசிய நூலகத்தில்.

நவுக்ராடிஸில் கிடைத்த கியோஸ் கிண்ணங்கள்: இவற்றில் சிலவற்றில் காணிக்கை வாசகம் கீறியதாக இல்லை, சுடுவதற்கு முன்பே தூரிகையால் எழுதியது. அப்படியென்றால் எகிப்தில் உள்ள கோயிலுக்குக் கொடுக்கப் போகிறவர் முன்கூட்டியே சொல்லிவைத்துச் செய்யவைத்திருக்கிறார்.

ஒன்றை மறக்காதீர்கள். ஓர் ஊரில் கிரேக்கப் பானை கிடைத்தால் அங்கே கிரேக்கர்கள் குடியிருந்தார்கள் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பழைய வட சிரியாக் கரையில், இன்றைய துருக்கியில் உள்ள அல் மினாவில் யூபோயாக் கோப்பைகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றைக் கொண்டுவந்தது கிரேக்கர்களா, இன்றைய லெபனான் கரையின் கடல் வணிகர்களான ஃபினீசியர்களா, அங்கே குடித்தது யார் என்று இன்னும் அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பானை போகும், குயவர் போகாமலும் இருக்கலாம். சில சமயம் ஆளும் வருவார். ஏதென்ஸில் கையெழுத்திட்ட ஓவியர் ஒருவரின் பெயரே லிடோஸ், அதாவது லிடியாக்காரன் (லிடியா இன்றைய துருக்கியில் இருந்தது).

4. எந்த ஊர், எந்த வரிசையில்

எல்லோரும் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் தொடங்குவார்கள். நான் சொல்வது, முதலில் பழைய அகோராவில் (சந்தைத் திடல்) உள்ள ஸ்டோவா ஆஃப் அட்டலோஸ் என்ற தூண் மண்டப அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அன்றாடம் புழங்கிய பானைகள், பெயர் கீறிய ஓடுகள், அளவைப் பாத்திரங்கள் எல்லாம் கால வரிசையில் இருக்கும். அடுத்து கெராமெய்கோஸ், குயவர் பேட்டையும் இடுகாடும் சேர்ந்த இடம், உள்ளேயே சின்ன அருங்காட்சியகம், கூட்டம் குறைவு. இந்த இரண்டும் முடிந்த பிறகு தேசிய அருங்காட்சியகம். அங்கே ஆள் உயரத்துக்கு நிற்கும் டிபைலான் ஆம்போராவைப் பார்த்துவிட்டு மேல்தளத்துப் பானை அறைகளுக்கு அரை நாள் முழுதாக ஒதுக்குங்கள்.

ஏதென்ஸ் மண் கண்ணில் பதிந்ததும் கொரிந்து. ஒரே நாளில் போய் வரலாம், புறநகர் ரயிலோ வெளியூர்ப் பேருந்தோ பிடிக்கலாம். ஆனால் ரயில் போகிற கொரிந்து புது ஊர், இடிபாடும் அருங்காட்சியகமும் இருப்பது ஏழு கிலோமீட்டர் தள்ளிப் பழைய கொரிந்தில். உள்ளூர்ப் பேருந்து எப்போதாவதுதான் வரும், டாக்சிக்குக் காசு எடுத்துவையுங்கள்.

யூபோயாவில் எரெட்ரியா அருங்காட்சியகம் அடுத்தது. அட்டிக்கா கரையில் ஒரோபோஸ் துறையிலிருந்து படகில் கடந்துவிடலாம். மிக்கோனோஸ் என்றதும் கேளிக்கை விடுதிதான் ஞாபகம் வரும். ஆனால் அங்குள்ள தொல்லியல் அருங்காட்சியகம் பானைக்காரர்களுக்குப் புதையல். 426இல் பக்கத்தில் உள்ள டெலோஸ் என்ற புனிதத் தீவைத் தூய்மைப்படுத்துகிறோம் என்று ஏதென்ஸ்காரர்கள் கல்லறைகளைத் தோண்டி, உள்ளே இருந்ததையெல்லாம் பக்கத்து ரெனேயா தீவில் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். பல ஊர்ப் பானைகள் கொண்ட அந்தக் குழி அப்படியே இங்கே வந்துவிட்டது. டிராய்ப் போர்க் கதையின் மரக்குதிரையும் அதன் ஜன்னல்களில் எட்டிப்பார்க்கும் வீரர்களும் புடைப்பாக இருக்கும் பெரிய தாழியும் இங்கேதான்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டிய நாள்கள்: பல சின்ன அருங்காட்சியகங்களுக்குச் செவ்வாய் விடுமுறை. தேசிய அருங்காட்சியகம் செவ்வாயன்று மதியம் ஒரு மணிக்குத்தான் திறக்கும். குளிர்காலத்தில் பல இடங்களில் மதியம் மூன்று, மூன்றரைக்கெல்லாம் சாத்திவிடுவார்கள், டெலோஸ் படகும் ஓடாது. ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் நம் நாள்காட்டியில் உள்ள ஈஸ்டரோடு பெரும்பாலும் ஒத்துவராது, அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை, இல்லையென்றால் அக்டோபர், இதுதான் என் தேர்வு.

5. விசா

கிரேக்கம், இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவுக்கு 15 நாள் என்பது கணக்கு, 45 நாள் வரை இழுக்கலாம். கோடைக்கு முன் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம், மூன்று மாதம் முன்னால் ஆரம்பித்துவிடுங்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது.

காகிதங்கள்: பத்து ஆண்டுக்குள் வழங்கிய பாஸ்போர்ட், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. விமான, தங்குமிட முன்பதிவு. வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், வேலையிடத்து விடுப்புக் கடிதம். இவற்றோடு ஒரு பக்கத்தில் பயணக் கடிதம். அதில் எந்த நாள் எந்த ஊர், எந்த அருங்காட்சியகம், ஏன் என்று தெளிவாக எழுதுங்கள். எரெட்ரியாவில் மூன்று நாள் என்று சுற்றுலாக்காரர் யாரும் போடமாட்டார்கள், காரணம் எழுதியிருந்தால் சந்தேகம் வராது. விசா வருமுன் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்க வேண்டாம்.

இரண்டு பொறிகள். ஒன்று, இத்தாலியும் சேர்த்துப் போகிற ஆசை. இஸ்கியாவில் நெஸ்டர் கோப்பை, ரோமில் வில்லா ஜூலியா அருங்காட்சியகம், தெற்கே டாரண்டோ ஊர் என்று இழுக்கும். அதிக நாள் எந்த நாட்டிலோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. இன்னொன்று, சாமோஸிலிருந்து படகேறி துருக்கிக்குப் போய் மிலேட்டஸைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்ற எண்ணம். கையில் ஒருமுறை நுழைவு விசா இருந்தால் துருக்கியில் கால் வைத்த பிறகு திரும்பி வர முடியாது. பலமுறை நுழைவு வேண்டுமென்று கடிதத்திலேயே காரணத்தோடு கேளுங்கள். கிடைக்காவிட்டால் மிலேட்டஸைக் கடைசியில் வைத்து அங்கிருந்தே ஊர் திரும்புங்கள். துருக்கி விசாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. காசு எங்கே ஒழுகும்

நுழைவுச்சீட்டு 2025 ஏப்ரலில் ஏறிவிட்டது. அக்ரோபோலிஸ் மட்டும் 30 யூரோ. அதே 30 யூரோவுக்கு ஏதென்ஸின் பல இடங்களைப் பார்க்கலாம் என்று பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் கூட்டுச்சீட்டு இப்போது இல்லை. பானைக்காகப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: அக்ரோபோலிஸைக் கீழே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் காசு இரண்டு மூன்று சின்ன அருங்காட்சியகங்களுக்கு ஆகும். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு அரசு இடங்கள் இலவசம்.

யாரும் முன்னால் சொல்லாத செலவு, விடுதியில் இரவுக்கு இவ்வளவு என்று கேட்கும் பருவநிலை வரி. முன்பதிவுத் தொகையில் இது இருக்காது, போய் இறங்கியதும் கேட்பார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒன்று, இரண்டு நட்சத்திர விடுதியில் அறைக்கு 2 யூரோ, மூன்றுக்கு 5, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. வாடகைக் குடியிருப்புகளுக்கும் உண்டு. பத்து இரவு என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். சைவமென்றால் கீரை, பருப்பு, கத்தரிக்காய், பீன்ஸ் என்று எங்கும் கிடைக்கும்.

7. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்

சொந்தத்துக்குப் படம் எடுக்கலாம், ஃபிளாஷும் முக்காலியும் கூடாது. புத்தகத்தில் போடுவதற்கென்றால் தனி அனுமதி, தனிக் கட்டணம். முதலில் அட்டையைப் படம் எடுங்கள், அப்புறம் பானையை. இல்லாவிட்டால் ஊருக்கு வந்து ஐந்நூறு படத்தை வைத்துக்கொண்டு எது எந்த ஊர் என்று முழிக்க வேண்டியதுதான். கண்ணாடிக்குள் மஞ்சள் விளக்கு எரியும், போனில் மண்ணின் நிறம் மாறித்தான் விழும், ஆகவே நிறத்தைக் கண்ணால் பார்த்து அங்கேயே நோட்டில் எழுதுங்கள். பானையின் அடிப்பகுதி, கைப்பிடி ஒட்டிய இடம், உள்பக்கம் ஆகியவற்றைக் குனிந்து பாருங்கள். குயவரின் விரல் ஓடிய கோடு அங்கேதான் தெரியும்.

8. தரையில் கிடக்கும் ஓட்டைத் தொடாதீர்கள்

பழைய கொரிந்தில் நடக்கும்போது காலடியிலேயே ஓடுகள் கிடக்கும். கை பரபரக்கும். எடுத்துப் பையில் போட்டால் குற்றம், அவ்வளவுதான். கிரேக்கத் தொல்பொருள் சட்டம் (2002இன் 3028, இப்போது 2021இன் 4858ஆகத் தொகுத்திருக்கிறார்கள்) இதில் விளையாட்டே வைக்கவில்லை, தெரியாமல் எடுத்தேன் என்பது விமான நிலையத்தில் எடுபடாது. நகல் பானை வாங்கினால் நகல் என்று எழுதிய ரசீதைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். இணையத்தில் விலை போட்டு விற்கும் “உண்மையான கிரேக்க ஓடு” பக்கம் போகவே போகாதீர்கள். உண்மையென்றால் எங்கிருந்தோ தோண்டித் திருடியதாக இருக்கலாம், பொய்யென்றால் காசு போச்சு.

9. ஆய்வுக்காகப் போகிற மாணவர்களுக்கு

பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க நுழைவுச்சீட்டு போதும். கிடங்கில் இருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்க அந்தப் பகுதித் தொல்பொருள் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். எந்தப் பொருள், என்ன பதிவு எண், எதற்காக, எத்தனை நாள் என்று குறிப்பாகக் கேட்க வேண்டும், “உங்களிடம் உள்ள கொரிந்துப் பானைகளைப் பார்க்க விரும்புகிறேன்” என்றெல்லாம் எழுதினால் நகராது. பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் கட்டாயம் சேருங்கள். இன்னும் வெளியிடப்படாத பொருள் என்றால் வெளியிடும் உரிமை அகழ்ந்தவரிடம் இருக்கும், அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதத்தை முதலில் வாங்குங்கள். மாதக்கணக்கில் ஆகும் வேலை இது, விசாவுக்கு முன்பே தொடங்குங்கள், அனுமதிக் கடிதம் வந்துவிட்டால் அது விசா விண்ணப்பத்திலும் கைகொடுக்கும்.

மண்ணை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, வேதியியல் சோதனை செய்வது ஆகியவற்றுக்கு மாதிரி எடுக்கத் தனி அனுமதி, அதற்கு இன்னும் நாளாகும். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் ஏதென்ஸில் உள்ள பிரிட்டிஷ் கல்விக்கூடத்தின் ஃபிட்ச் ஆய்வகம் மட்பாண்டக் கல்லியல் பயிற்சி நடத்துகிறது. இடம் குறைவு, அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள், கட்டணத்தோடு ஏதென்ஸில் தங்கும் செலவையும் சேர்த்து நிதி கேளுங்கள்.